ஆயுதங்களுக்கு ஒரு தரவரிசை: சோல்காலிபர் விளையாட்டை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஜப்பானிய அனிமே பாணிச் சண்டை விளையாட்டுகளை ஆடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் 'டியர் லிஸ்ட்' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். ஒரு விளையாட்டில் உள்ள பாத்திரங்களையோ ஆயுதங்களையோ வலிமைப்படி அடுக்கிய பட்டியல் அது. பள்ளிக்கூட மதிப்பெண் போல ஏ, பி, சி என்று படிகள் இருக்கும். ஏ-க்கும் மேலே எஸ் என்று ஒரு படி உண்டு. அது ஜப்பானிலிருந்து வந்த வழக்கம். எஸ் படியில் உள்ள ஆயுதத்தைக் கையில் எடுத்தவன் பாதி ஜெயித்துவிட்டான் என்பது பிள்ளைகளின் நம்பிக்கை.

இந்தப் பட்டியல்கள் எப்படி உருவாகின்றன, அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று ஒரு பொறியாளனின் கண்ணோடு பார்த்து எழுதியிருக்கிறேன். சண்டை விளையாட்டே ஆடியிராதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். தரம் பிரிக்கும் பழக்கம் விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை என்பதால்தான் இதைப் பற்றி எழுதத் தோன்றியது.

1. ஆயுதங்களின் விளையாட்டு

சண்டை விளையாட்டு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1991-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'. அதில் பெரும்பாலும் கையும் காலும்தான். ஆயுதங்களையே மையமாக வைத்த தொடர், நாம்கோ நிறுவனத்தின் 'சோல்காலிபர்'. 'சோல் எட்ஜ்' என்ற பெயரில் 1990களின் நடுவில் காசு போட்டு ஆடும் கூடங்களில் தொடங்கி, 1998-ல் 'சோல்காலிபர்' ஆகி, 1999-ல் டிரீம்காஸ்ட் கருவிக்கும் வந்தது. 2008-ல் வந்த நான்காம் பாகத்தில்தான் இணையம் வழியாக எதிராளியோடு மோதும் வசதி வந்தது. ஆறாம் பாகம் 2018 அக்டோபரில் வெளியானது.

இதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் ஆயுதம் உண்டு. பாத்திரத்தின் குணமே ஆயுதத்தின் குணம்தான். மிட்சுருகிக்கு சாமுராய் வாள், நைட்மேருக்கு ஆளுயரப் பெருவாள், அஸ்டரோத்துக்குக் கோடரி, சோஃபிடியாவுக்குக் குறுவாளும் கேடயமும், மாக்ஸிக்கு நுன்சாக்கு.

தமிழ் வாசகர்கள் நின்று கவனிக்கவேண்டிய மூன்று ஆயுதங்கள் உண்டு. முதலாவது, கிலிக் என்ற இளைஞனின் கம்பு. சிலம்பம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவன் வீச்சில் அந்நியமாக எதுவும் தெரியாது. அந்தக் கம்புக்கு விளையாட்டில் 'கலியுகா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, வோல்டோ என்ற இத்தாலியப் பாத்திரம் இரு கைகளிலும் மாட்டியிருக்கும் கட்டாரி. குறுக்குப் பிடியை முஷ்டியில் பிடித்துக் குத்தும் இந்த ஆயுதம் நம் தென்னிந்தியாவில் புழங்கியது. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். வோல்டோவின் கட்டாரிகளுக்குப் பெயர் 'மனஸ்', 'ஆயுஸ்'. மூன்றாவது, ஐவியின் பாம்பு வாள். வாளாக இருப்பது துண்டு துண்டாகப் பிரிந்து சாட்டையாக நீளும். அப்படி ஒரு வாள் கற்பனையில்தான் இருக்க முடியும். ஆனால் அதன் நிஜ உறவினர் நம்மிடம் உண்டு. சிலம்ப ஆசான்கள் கடைசியாகத்தான் கற்றுத்தரும் சுருள்வாள்.

இந்த ஆயுதங்களை எல்லாம் ஒரே ஏணியில் ஏற்ற முடியுமா? ஒவ்வொரு பட்டியலும் முடியும் என்றுதான் சொல்கிறது.

2. பட்டியல் பிறக்கும் விதம்

நான் வசிக்கும் டொராண்டோவில் இந்த விளையாட்டுகளுக்கென்று ஒரு உலகமே உண்டு. இங்கே சண்டை விளையாட்டுப் போட்டிகளை நடத்திவந்த குழுவின் பெயரே 'டொராண்டோ டாப் டியர்ஸ்', அதாவது டொராண்டோ முதல்படிக்காரர்கள். அவர்கள் நடத்திய பெரிய போட்டிக்கு 'டோரியூக்கன்' என்று பெயர். ஸ்ட்ரீட் ஃபைட்டரின் 'ஷோரியூக்கன்' குத்தோடு ஊர்ப் பெயரைக் கோத்த சொல் விளையாட்டு. 1997-ல் தொடங்கிய 'அனிமே நார்த்' விழாவுக்குப் போனாலும், எந்த ஆயுதம் எந்தப் படி என்று வாதாடிக்கொண்டிருக்கும் இளைஞர்களைப் பார்க்கலாம்.

இந்த வாதத்தின் அடிப்படை ஒரு சதுரக் கட்டம். இரண்டு ஆயுதங்களைச் சமமான திறமை உள்ள இருவர் கையில் கொடுத்துப் பத்து ஆட்டம் ஆடச் சொன்னால் யார் எத்தனை ஜெயிப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். 5-5 என்றால் சமம். 6-4 என்றால் லேசான சாதகம். 7-3 என்றால் எதிராளிக்கு முழி பிதுங்கும். ஜப்பானில் இப்படிப்பட்ட அட்டவணையை 'டயகிராம்' என்பார்கள். இருபது ஆயுதங்கள் இருந்தால் 190 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு எண். ஓர் ஆயுதத்தின் எண்களை எல்லாம் கூட்டி, அதிகம் வாங்கியதை மேலே வைத்தால் தரவரிசை தயார்.

கவனியுங்கள். 190 எண்களில் இருந்த விவரம் இருபது எண்களாகச் சுருங்கிவிட்டது. கட்டம் வரிசையாகிவிட்டது. சுருக்கும்போது ஏதோ ஒன்று கொட்டிப் போகத்தானே செய்யும்?

3. மூன்று ஆயுதக் கணக்கு

கொட்டிப் போவது எது என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

கம்பு பெருவாளை 6-4 என்று வெல்கிறது. தூரத்தில் நின்று தட்டிக்கொண்டே இருக்கும். பெருவாள் கட்டாரியை 6-4 என்று வெல்கிறது. கிட்டே வரும்போதே ஒரு வீச்சு. கட்டாரி கம்பை 6-4 என்று வெல்கிறது. உள்ளே புகுந்துவிட்டால் நீளக் கம்பைச் சுழற்ற இடமிருக்காது. ஒவ்வொரு ஆயுதமும் மற்ற இரண்டோடு மோதி இருபதுக்குப் பத்து வாங்குகிறது. மூன்றும் சமம். நம் பிள்ளைகள் ஆடும் கல், காகிதம், கத்தரிக்கோல் இதே கதைதான்.

இப்போது இந்த மூன்றையும் ஒரு ஊரில் விடுவோம். பெருவாள் பார்க்க அழகாக இருக்கிறது என்று ஊரில் பாதிப் பேர் அதையே எடுக்கிறார்கள். மீதிப் பேரில் சரிபாதி கம்பு, சரிபாதி கட்டாரி. எல்லாரும் எல்லாரோடும் ஆடினால் கம்பின் வெற்றி 52.5 சதவீதம், பெருவாள் 50 சதவீதம், கட்டாரி 47.5 சதவீதம். ஆயுதங்களில் ஓர் அணுகூட மாறவில்லை. ஆனாலும் முதல், இரண்டாம், மூன்றாம் இடங்கள் வந்துவிட்டன. இதைப் பார்த்து எல்லாரும் கம்புக்கு மாறினால் அடுத்த மாதம் கட்டாரி முதலிடத்துக்கு வரும்.

அதாவது தரவரிசை ஆயுதத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அந்த ஊரில் யார் யார் எதைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள் என்பதையும் சேர்த்தே பேசுகிறது. சதுரங்கத்தில் 1970 முதல் உலகச் சம்மேளனம் பயன்படுத்தும் ஈலோ புள்ளி முறைக்கும் இந்தக் குறை உண்டு. ஒரு ஆளுக்கு ஒரே எண் கொடுத்தால், ஒன்றை ஒன்று வட்டமாக வெல்லும் மூன்று பேரை அது எழுதிக் காட்ட முடியாது.

இன்னொரு சிக்கல். யாரும் சீண்டாத ஆயுதத்தின் வெற்றி விகிதம் சில சமயம் மிக உயரமாக இருக்கும். காரணம், பிடிவாதமாக அதையே வருடக்கணக்கில் பழகிய நாலு பேர் மட்டும்தான் அதை எடுக்கிறார்கள். அங்கே எண் காட்டுவது அவர்களுடைய உழைப்பை.

4. நொடியின் அறுபதில் ஒரு பங்கு

சண்டை விளையாட்டு நொடிக்கு அறுபது படங்களாக ஓடுகிறது. ஒரு படத்துக்கு 'பிரேம்' என்று பெயர், சுமார் 16.7 மில்லி நொடி. ஓர் அடி பொத்தானை அழுத்தியதிலிருந்து எதிராளியைத் தொட எத்தனை பிரேம் ஆகிறது என்பதை வைத்தே ஆயுதத்தின் வேகத்தை அளக்கிறார்கள். சோல்காலிபரில் வேகமான அடிகள் சுமார் 12 பிரேமில் வந்துவிடும். பெருவாளின் பெரிய வீச்சுகளுக்கு 25 பிரேமுக்கு மேலேயும் ஆகும்.

மனிதக் கண் ஒரு வெளிச்சத்தைப் பார்த்து விரல் அசைக்கக் கால் நொடி, அதாவது 15 பிரேம் ஆகும். வருவது மேல் அடியா கீழ் அடியா என்று பிரித்தறிய இன்னும் கொஞ்சம். மொத்தம் 20 பிரேம் என்று வைத்துக்கொள்வோம். ஆகவே 12 பிரேம் அடியைப் பார்த்துத் தடுப்பது யாராலும் ஆகாது. ஊகித்துத்தான் தடுக்க வேண்டும். 26 பிரேம் வீச்சைப் பார்த்துத் தடுக்கலாம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் கூடும் இடத்தில் மெதுவான ஆயுதங்கள் பட்டியலில் இறங்கிப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். புதிதாக ஆடுபவர்கள் நடுவில் அதே பெருவாள் எமனாக இருக்கும். அவர்களுக்கு இன்னும் தடுக்கத் தெரியாது.

இனி இதே ஆட்டத்தை இணையத்தில் ஆடுவோம். 2020-ல் கொரோனா ஊரடங்கில் எல்லாரும் வீட்டுக்குள் கிடந்தபோது, ஸ்கார்பரோவில் இருக்கும் என் அக்கா மகன், சென்னையில் இருக்கும் என் அண்ணன் மகனோடு சோல்காலிபர் 6 ஆடினான். டொராண்டோவுக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 13,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். இயற்கை விதியை மீறாமல் ஒரு தகவல் போய்ச் சேரவே 65 மில்லி நொடி, அதாவது 4 பிரேம் ஆகும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. வழியில் நிற்கும் இயந்திரங்களும் தங்கள் பங்குக்கு நேரம் எடுக்கும். அது 7, 8 பிரேம் ஆவது சாதாரணம்.

சோல்காலிபர் 6 இரு கணினிகளும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் முறையில் இயங்குகிறது. நான் தடுப்புப் பொத்தானை அழுத்தினாலும் அது சில பிரேம் கழித்துத்தான் செல்லுபடியாகும். 20 பிரேமோடு இந்த 7 பிரேமைக் கூட்டுங்கள். நேற்றுவரை பார்த்துத் தடுக்க முடிந்த 26 பிரேம் வீச்சு இன்று தடுக்க முடியாததாகிவிடுகிறது. ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடும்போது கீழ்ப்படியில் இருந்த கோடரி, கடல் தாண்டியதும் இரண்டு படி ஏறிவிடும்.

இதற்கு மாற்று உண்டு. டோனி கேனன் என்பவர் எழுதிய 'ஜிஜிபிஓ' என்ற நிரல் பிரபலமாக்கிய 'ரோல்பேக்' முறையில் கணினி காத்திருப்பதில்லை. எதிராளி என்ன செய்வான் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டிவிட்டு, ஊகம் தவறினால் சில பிரேம் பின்னுக்குப் போய்த் திருத்துகிறது. 2021-ல் வந்த 'கில்டி கியர் ஸ்டிரைவ்' என்ற அனிமே பாணி விளையாட்டு இந்த முறையில் இயங்குகிறது. ஆனால் இங்கும் விலை உண்டு: தொலைதூர ஆட்டத்தில் எதிராளியின் அடியின் முதல் சில படங்கள் நம் திரையில் காணாமல் போய்விடும். எந்த முறையானாலும் தூரம் தரவரிசைக்குள் ஒரு காரணியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பட்டியலின் தலைப்பிலோ அது எழுதப்படுவதில்லை.

5. எல்லாம் மாயை என்று சொல்ல முடியுமா?

முடியாது. சில ஆயுதங்கள் உண்மையிலேயே அளவு மீறியவை. இதற்கு நல்ல உதாரணம் சோல்காலிபர் நான்கில் வந்த ஹில்டே என்ற இளவரசி. கையில் ஈட்டியும் குறுவாளும். பொத்தானை அழுத்திப் பிடித்து வலுவைச் சேர்த்துக்கொண்டு ஒரு தொடர் அடியை அவிழ்த்துவிட்டால், எதிராளி மேடைக்கு வெளியே போய் விழுவான். இந்த விளையாட்டில் மேடையை விட்டு விழுந்தால், உடலில் முழு வலு இருந்தாலும் அந்தச் சுற்று தோல்விதான். மேடையின் பெரும்பகுதியில் எங்கே நின்றாலும் ஒரே தொடரில் வெளியேற்ற முடிந்ததால், அமெரிக்காவில் பல போட்டிகள் ஹில்டேவைத் தடை செய்தன. அதற்கும் முன்னால் 1994-ல் வந்த 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ'வில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த அக்குமா என்ற பாத்திரத்துக்கும் போட்டிகளில் இதே கதி.

ஆகவே தரவரிசை வெறும் வம்பு அல்ல. சதுரக் கட்டத்தில் ஒரு வரி முழுக்க 7-3, 8-2 என்று இருந்தால், அங்கே வட்டமும் இல்லை, வாதமும் இல்லை. விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு அது ஒரு பிழை அறிக்கை. இப்போதெல்லாம் இணையம் வழியாகத் திருத்தம் அனுப்பி வலுவைக் கூட்டிக் குறைக்கிறார்கள். சோல்காலிபர் 6-ல் 2020-ல் சேர்க்கப்பட்ட செட்சுகாவை, குடைக்குள் வாளை ஒளித்துவைத்திருக்கும் அந்தப் பெண்ணை, வந்த சில நாட்களிலேயே பலர் மேல்படியில் ஏற்றினார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் பட்டியலைப் புதிதாக எழுத வேண்டியதாகிறது.

ஆனால் உச்சியில் ஒன்றிரண்டையும் அடியில் ஒன்றிரண்டையும் கழித்துவிட்டால், நடுவில் இருக்கும் பெருங்கூட்டத்தை பி என்றும் சி என்றும் பிரிப்பதற்கு அவ்வளவு ஆதாரம் கிடையாது. பட்டியலின் நுனிகளை நம்பலாம். நடுவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

6. பட்டியல் செய்யும் வேலை

நடுவில் இருப்பவர்களுக்குத்தான் பட்டியலால் சேதம் அதிகம். என் அக்கா மகன் ஆரம்பத்தில் கிலிக்கின் கம்பைத்தான் எடுத்தான். ஸ்கார்பரோவில் இரண்டு கோடைக்காலம் சிலம்பம் பழகியவன். தன் நெற்றி உயரக் கம்பைத் திரையில் பார்த்த சந்தோஷம். பிறகு ஒரு நாள் செட்சுகாவுக்கு மாறிவிட்டான். ஏன் என்று கேட்டேன்.

"கம்பு பி டியர் மாமா. வேஸ்ட்."

"யாரு சொன்னா?"

"லிஸ்ட்ல இருக்கு."

அந்தப் பட்டியலைப் போட்டவர் யார், எந்த ஊர்க்காரர், எந்தத் திருத்தத்துக்கு முன்னால் போட்டார் என்று அவனுக்குத் தெரியாது. இப்படி ஆயிரம் பிள்ளைகள் கம்பைக் கீழே வைத்தால் என்ன ஆகும்? கம்பை வைத்துப் புது உத்தி கண்டுபிடிக்க ஆள் இருக்காது. உத்தி வராததால் கம்பு ஜெயிக்காது. ஜெயிக்காததால் அடுத்த பட்டியலில் இன்னும் ஒரு படி இறங்கும். பட்டியல் தான் சொன்னதைத் தானே உண்மையாக்கிக்கொள்கிறது.

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச் தலைவராக இருந்தபோது ஊழியர்களை மேலே 20, நடுவே 70, அடியில் 10 சதவீதம் என்று பிரித்து, அடியில் வந்தவர்களை அனுப்பும் முறை பிரபலமானது. பல நிறுவனங்கள் அதைப் பின்பற்றின. மைக்ரோசாஃப்ட் இதுபோன்ற முறையை 2013-ல் கைவிட்டது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்திலும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. பிழை கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் வாங்கிய ஒரு தோழி, புது நிரல் எழுதிக் குவிப்பவர்கள் நிறைந்த அணியில் போய்ச் சேர்ந்து, வருடக் கடைசியில் அடிப்படியில் வந்தார். எழுதப்பட்ட வரிகளை எண்ணினார்கள். எழுதவிடாமல் தடுக்கப்பட்ட தவறுகளை எண்ண ஒரு கட்டம் இல்லை. அடுத்த அணியில் அவர் எங்கே நின்றிருப்பார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வேலையை விட்டு அவர் போன மூன்று மாதத்தில் பிழைகளின் வரிசை நீண்டுகொண்டே போனது. விளையாட்டில் கீழ்ப்படிக்குப் போன கம்பை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். வேலையில் அப்படி முடிவதில்லை.

7. நம்மிடம் இருக்கும் வேறொரு வழி

ஒற்றை ஏணியில் ஏற்றாமலும் தரம் சொல்லலாம். பழைய தனிப்பாடல் ஒன்று தமிழ்ப் புலவர்களைத் தரம் பார்க்கிறது. வெண்பாவுக்குப் புகழேந்தி, பரணிக்குச் செயங்கொண்டார், விருத்தத்துக்குக் கம்பர், கோவை உலா அந்தாதிக்கு ஒட்டக்கூத்தர், கலம்பகத்துக்கு இரட்டையர், வசைக்குக் காளமேகம், சந்தத்துக்குப் படிக்காசுப் புலவர் என்று பிரித்துக் கொடுக்கிறது. இவர்களில் யார் முதல் என்ற பேச்சையே அது எடுக்கவில்லை. எந்தக் களத்தில் யார் என்று மட்டும் சொல்கிறது. வரிசையாகச் சுருக்காமல் கட்டத்தைக் கட்டமாகவே விட்டுவைத்த புத்திசாலித்தனம் அது.

வள்ளுவர் இன்னும் நேராகச் சொல்கிறார். காலமறிதல் அதிகாரத்தில் ஆந்தையைக் காக்கை பகலில் வெல்லும் என்கிறார். இரவில் என்ன நடக்கும் என்பதை நம் ஊகத்துக்கே விட்டுவிடுகிறார். இடனறிதலில் முதலைக்கு ஆழ்நீரில்தான் வெற்றி, கரையேறினால் மற்றவை அதை வென்றுவிடும். தேர் கடலில் ஓடாது, கப்பல் நிலத்தில் ஓடாது. வேலேந்திய வீரரையே எதிர்த்த யானை சேற்றில் சிக்கினால் நரிக்குப் பலி. இரண்டு அதிகாரங்களிலும் வலிமை என்பது காலத்தோடும் இடத்தோடும் சேர்த்தே சொல்லப்படுகிறது. மெதுவான கோடரி இணையத்தில் படியேறும் சங்கதியை இதற்கு நவீன உரை என்றே கொள்ளலாம்.

ஆகவே ஒரு தரவரிசை கையில் கிடைத்தால் சில கேள்விகள் கேட்டுப் பார்ப்பது நல்லது. எந்த ஊர் ஆட்டக்காரர்களை வைத்துப் போட்டது? எந்தத் தேதியில், எந்தத் திருத்தத்துக்குப் பிறகு? ஒரே அறையிலா, இணையத்திலா? எந்த அளவு திறமை உள்ளவர்களிடையே? மதிப்பீடா, எண்ணிப் பார்த்த வெற்றி விகிதமா? எண்ணியது என்றால் அந்த ஆயுதத்தை எத்தனை பேர் எடுத்தார்கள்? இவற்றுக்குப் பதில் உள்ள பட்டியல் பயனுள்ள வரைபடம். பதில் இல்லாதது ஒருவருடைய அபிப்பிராயம். அபிப்பிராயமாகவே அதைப் படிக்கலாம்.

அக்கா மகனுக்கு இந்த மூன்று ஆயுதக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். பெருவாள் எத்தனை பேர், கம்பு எத்தனை பேர் என்று எண்களை அவனே மாற்றி மாற்றிப் போட்டு, முதலிடம் கை மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாம் தரம் பிரிக்கும் எதையும், புத்தகமோ பள்ளிக்கூடமோ மனிதரோ, இப்படி ஒரு முறை எண்களை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு படியில் ஏற்றலாம். மாற்றிப் போட்டும் இடம் மாறாதவை மிகச் சிலவே இருக்கும்.